பிடித்துக்கொண்ட பிஸ்டன்: வெட் லைனரும் டிரை லைனரும்

மும்பையின் செம்பூரில் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் முடிய இரும்புக்குக் கெட்ட காலம். கழிமுகப் பக்கமிருந்து வரும் காற்றில் உப்பு கலந்திருக்கிறது. சைலன்சர் வாயை மூடாமல் வெளியே நிறுத்திய எஞ்சினுக்கு ஒரு மழைக்காலமே போதும். வால்வு திறந்தபடி நின்றுபோன சிலிண்டருக்குள் ஈரம் இறங்கி, ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே துரு கட்டும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைக்கும். மயிரிழை இடைவெளிக்குள் அது ஆப்பாக இறங்கிவிட்டால் கிராங்க் அசையாது, எஞ்சின் ஜாம்.

மும்பை டிராக்டருக்குப் புதிய ஊரல்ல. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் சேர்ந்து மகிந்திரா 1963-இல் தொடங்கிய டிராக்டர் தொழில் இங்கே காந்திவலியில்தான் வளர்ந்தது. ஆனால் பிடித்துக்கொண்ட பிஸ்டனைப் பற்றிப் பேச பெர்குசன் குடும்பத்து வண்டிகள் இரண்டு போதும்: ஒரே குடும்பம், நேரெதிர் எஞ்சின்கள்.

மூத்தது டி.இ.20. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரி தென்துருவம் போய்ச் சேர்ந்ததும் இதில்தான். சிலிண்டரின் உட்சுவராக நிற்கும் குழல்தான் லைனர்; அதன் ஸ்டாண்டர்டு எஞ்சினில் இருப்பது வெட் லைனர். லைனரின் முதுகை ரேடியேட்டர் தண்ணீர் நேரடியாகத் தொடும். பிளாக்கில் அது உட்கார்ந்திருக்கிறதே தவிர, இறுக்கி ஏற்றப்படவில்லை.

இளையது மாஸி பெர்குசன் 35. பெர்கின்ஸின் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின்; சிலிண்டர் விட்டம் 91.4 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 127. சென்னையில் டாஃபே தயாரித்த 1035 இந்த வழியில் வந்ததே. இதில் டிரை லைனர்: மெல்லிய சுவர், பிளாக்கின் இரும்போடு இறுக்கமாக ஒட்டி நிற்கும்.

இந்த வேறுபாட்டில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. டி.இ.20-இல் பிஸ்டனோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஹெட்டையும் சம்ப்பையும் கழற்றி, கனெக்டிங் ராடின் கேப்பை எடுத்துவிட்டு, அடியிலிருந்து லைனரின் விளிம்பில் மரக்கட்டை கொடுத்துத் தட்டினால் லைனரும் பிஸ்டனும் ஒன்றாக மேலே வரும். மிச்ச வேலையை மேசைமேல் வைத்து நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் இந்தச் சௌகரியத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. லைனரை எடுக்கும் எண்ணமில்லாமல், ஹெட் கழற்றிய நிலையில் கிராங்கை நெம்பினால், பிஸ்டன் லைனரையும் இழுத்துக்கொண்டு எழும். அடியிலுள்ள கேஸ்கெட் பிரிந்து, பிறகு ஆயிலில் தண்ணீர் கலக்கும். தட்டையான வாஷர் போட்டு லைனரைப் பிடித்துவைக்காமல் கிராங்கைத் தொடக்கூடாது.

பெர்கின்ஸில் இந்தக் குறுக்குவழி கிடையாது. பிஸ்டனை அது நிற்கும் இடத்திலேயேதான் விடுவிக்க வேண்டும். முதலில் குற்றவாளி எது என்று கண்டுபிடிக்கவேண்டும். ராட் கேப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எதைக் கழற்றியதும் கிராங்க் சுழல்கிறதோ அதுவே. பிஸ்டனுக்கு மேலே சுவரில் படிந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் விடுபட்ட பிஸ்டன் அதில் மறுபடி மாட்டும். பிறகு டீசலும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலும் கலந்து பிஸ்டன் தலைமேல் ஊற்றிவிட்டுப் பல நாள் காத்திருக்க வேண்டும். ஊற்றிய மட்டம் இறங்கினால் ஆயில் ரிங்கைத் தாண்டுகிறது என்று பொருள். அதுதான் நல்ல சகுனம். அதன் பின்னர்தான், சிலிண்டரின் அகலத்துக்குச் செதுக்கிய மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்ட வேண்டும். இரும்பால் அடித்தால் ரிங் உட்காரும் காடி உடையும்.

பலரும் அவசரப்பட்டு பிஸ்டனிலேயே தீ காட்டுகிறார்கள். இது தவறு. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிஸ்டன் சூடானால் பிடி இன்னும் இறுகும். சூடு காட்டுவதானால் வெளியிலிருந்து பிளாக்கைச் சுற்றிச் சீராகக் காட்டி, ஆறவிட்டு, மறுபடி ஆயில் விடவேண்டும். ஊற்றிய ஆயிலில் அசிட்டோன் கலந்திருந்தால் தீயே கூடாது.

எது மேல் என்று கேட்டால் எனக்கு வெட் லைனர்தான். தேய்ந்துபோனாலும் பிளாக் பிழைக்கும்; புது லைனரையும் பிஸ்டனையும் ஜோடியாகப் போட்டுவிடலாம். டிரை லைனர் பிளாக்கோ லேத்துப் பட்டறைக்குப் போய், பழையதை எடுத்துப் புதியதை அழுத்தி ஏற்றி, அளவுக்குக் கடைந்து வரவேண்டும். ஆனாலும் தண்ணீர்ப் பக்கம் துரு ஏறிய பழைய வெட் லைனர் பிளாக்கோடு ஒட்டிக்கொண்டு, சமயத்தில் பிஸ்டனைவிட அதிகம் அடம்பிடிக்கும். அப்படிப்பட்ட எஞ்சினுக்கும் டீசலும் ஏ.டி.எஃப்.-உம் ஊற்றி, பெர்கின்ஸுக்குக் கொடுத்த அதே அவகாசத்தைக் கொடுத்தாக வேண்டும்.