அமெரிக்கக் காற்பந்தில் தேர்வு வரிசையும் வீரர் வெற்றியும்

அமெரிக்காவின் தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பு, சுருக்கமாக என்.எஃப்.எல்., ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களைத் தன் அணிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் நிகழ்வு டிராஃப்ட் எனப்படுகிறது. இன்று 32 அணிகள் 7 சுற்றுகளில் ஏறத்தாழ 260 இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. சென்ற பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணி முதலில் தேர்ந்தெடுக்கும். கோப்பையை வென்ற அணி சுற்றின் கடைசியில் வரும். ஐ.பி.எல். ஏலம்போல இங்கே விலை கேட்பது கிடையாது. பெயர் அழைக்கப்பட்ட வீரர் அந்த ஓர் அணியுடன் மட்டுமே ஒப்பந்தம் பேச முடியும். எத்தனையாவதாக அழைக்கப்பட்டார் என்ற எண் அவருடைய முதல் ஊதியத்தை முடிவு செய்கிறது; அவருக்கு எத்தனை வாய்ப்புகள் தரப்படும் என்பதையும் பெரும்பாலும் அதுவே முடிவு செய்கிறது.

முன்னதாக அழைக்கப்பட்டவர் உண்மையிலேயே சிறந்த வீரராக விளங்குகிறாரா என்ற கேள்வி டிராஃப்டின் வயதை ஒத்தது. பயிற்சியாளர்கள் மட்டுமன்றிப் பொருளியல் அறிஞர்களும் இதை ஆராய்ந்துள்ளனர்.

தோற்றம்

1930-களின் தொடக்கத்தில் கல்லூரி முடித்த வீரர் எந்த அணியிலும் சேரலாம். பணமும் புகழும் உள்ள நியூயார்க் ஜயண்ட்ஸ், சிகாகோ பேர்ஸ் போன்ற அணிகள் நல்ல வீரர்களை வாரிக்கொண்டன. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல், மின்னசோட்டா பல்கலைக்கழக வீரர் ஸ்டான் காஸ்ட்காவைச் சேர்க்க முயன்று, புரூக்ளின் அணியிடம் அவரை இழந்தார். இப்படியே போனால் வலிய அணிகள் மேலும் வலுக்கும், மெலிந்தவை மூட வேண்டியதுதான் என்று பெல் வாதிட்டார். 1935 மே மாதத்தில் மற்ற உரிமையாளர்களும் அவர் திட்டத்தை ஏற்றனர். அந்த ஆண்டு கடைசி இடத்தில் நின்றது பெல்லின் அணியே என்பதால் முதல் தேர்வு அவருக்கே கிடைத்தது.

முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரி 8 அன்று பிலடெல்பியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் விடுதியில் நடந்தது. கரும்பலகையில் சுமார் 90 பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. ஒன்பது அணிகள், ஒன்பது சுற்றுகள், மொத்தம் 81 வீரர்கள். ஊர் ஊராகச் சென்று வீரர்களைப் பார்த்துவரும் ஆட்கள் அன்று இல்லை. செய்தித்தாள்களும் கேள்வி அறிவுமே ஆதாரம்.

முதல் பெயர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை எனப் பெயர்பெற்ற விருதை முதன்முதலில் வென்றவர் அவர். ஆனால் அவர் ஒரு தொழில்முறை ஆட்டத்தில்கூட ஆடவில்லை. ஈகிள்ஸ் அவருக்கான உரிமையைச் சிகாகோ பேர்ஸுக்குக் கைமாற்றியது. அவர் கேட்ட தொகையைப் பேர்ஸ் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸ் தரவில்லை. பெர்வாங்கர் வணிகத் துறைக்குப் போய்விட்டார். அந்த 81 பேரில் மூன்றில் ஒரு பங்கினர்கூட அவ்வாண்டு என்.எஃப்.எல். களத்துக்கு வரவில்லை. தொழில்முறைக் காற்பந்து அன்று நல்ல வேலையாகக் கருதப்படவில்லை.

பட்டியலில் இல்லாதவர்கள்

தேர்வு வரிசையைத் திறமையின் அளவுகோலாகக் கொள்பவர்கள் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல். அணிகளில் கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. 1939 பருவத்தில் லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்காக ஆடி நாடறிந்த வீரரான கென்னி வாஷிங்டனை அடுத்த டிராஃப்டில் எந்த அணியும் அழைக்கவில்லை. 1946-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அவரைச் சேர்த்தபோது அவருடைய முழங்கால்கள் தேய்ந்திருந்தன. சிறந்த ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன. என்.எஃப்.எல். டிராஃப்டில் முதன்முதலாக அழைக்கப்பட்ட கறுப்பின வீரர் ஜார்ஜ் டாலியாஃபெரோ. அது 1949-இல், அதுவும் 13-ஆம் சுற்றில்.

தடை நீங்கிய பின்னும் தென் மாநிலங்களின் கறுப்பினக் கல்லூரிகளைப் பல அணிகள் சரியாகக் கவனிக்கவில்லை. அக்கல்லூரிகளை நன்கு அறிந்தவர் பில் நன். கறுப்பின மக்களின் இதழான பிட்ஸ்பர்க் கூரியரில் எழுதிவந்த இவரை பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி வீரர் தேர்வுப் பணிக்கு அமர்த்தியது. 1974 டிராஃப்டில் அந்த அணி லின் ஸ்வானை முதல் சுற்றிலும், ஜாக் லாம்பர்ட்டை இரண்டாவதிலும், அலபாமா ஏ அண்டு எம் கல்லூரியின் ஜான் ஸ்டால்வொர்த்தை நான்காவதிலும், மைக் வெப்ஸ்டரை ஐந்தாவதிலும் எடுத்தது. எவராலும் அழைக்கப்படாத டானி ஷெல்லும் பின்னர் அணியில் சேர்ந்தார். இந்த ஐவரும் புகழ்மாடத்தில் இடம்பெற்றனர். ஒரே ஆண்டில் ஓர் அணி இத்தனை பேரைக் கண்டெடுத்தது வியப்புக்குரியது. மற்ற அணிகள் பார்க்காத இடத்தில் பார்த்ததும் இதற்கு ஒரு காரணம்.

குவார்ட்டர்பேக் இடத்திலும் இதே குறை நீடித்தது. தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் இந்த இடத்துக்குக் கறுப்பினத்தவர் பொருந்தார் என்ற தவறான எண்ணம் 1970-களிலும் பரவலாக இருந்தது. 1978-இல் அழைக்கப்படாத வாரன் மூன், கனடாவின் எட்மன்டன் அணிக்குச் சென்று ஆடிப் பெயர்பெற்ற பிறகே என்.எஃப்.எல். அவரை வரவேற்றது. 2006-இல் அவரும் புகழ்மாடம் சேர்ந்தார்.

எண் பொய்த்த இடங்களும் மெய்த்த இடங்களும்

ஜானி யூனிடாஸ் 1955-இல் 9-ஆம் சுற்றில் எடுக்கப்பட்டுப் பருவம் தொடங்கும் முன்பே பிட்ஸ்பர்க் அணியால் நீக்கப்பட்டவர். ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு ஓர் உள்ளூர் அணியில் ஆடினார். மறு ஆண்டு பால்டிமோர் கோல்ட்ஸ் அவரைச் சேர்த்தது. 1958-இல் அவர் அந்த அணியைச் சாம்பியனாக்கினார். பார்ட் ஸ்டார் 1956-இல் 17-ஆம் சுற்றில் 200-ஆவது ஆளாக வந்தவர். கிரீன் பே அணிக்கு ஐந்து பட்டங்கள் வென்று தந்தார்.

இவற்றை மட்டும் அடுக்கினால் தேர்வு வரிசை வெறும் குருட்டாம்போக்கு என்று தோன்றும். அப்படியன்று. 1989-இல் முதல் ஐந்து பேர்: டிராய் எய்க்மன், டோனி மேண்டரிச், பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ். மேண்டரிச் தவிர நால்வரும் புகழ்மாடத்தில் உள்ளனர். 1998-இல் முதலாவதாக வந்த பெய்டன் மேனிங் ஐந்து முறை பருவத்தின் மிகச் சிறந்த வீரராக அறிவிக்கப்பட்டார். அதே ஆண்டு இரண்டாவதாக வந்தவர் ரையன் லீஃப். இருவரில் யார் முதல் என்று டிராஃப்டுக்கு முன் கடும் விவாதம் நடந்தது. லீஃப் ஆடியவை 25 ஆட்டங்களே. 14 டச்டவுன் எறிந்த அவர் எதிரணியிடம் பறிகொடுத்த எறிகள் 36.

2000-ஆம் ஆண்டின் கதை பலரும் அறிந்தது. கலிபோர்னியாவின் சான் மட்டேயோவில் வளர்ந்த டாம் பிராடி சான் பிரான்சிஸ்கோ 49-அர்ஸ் அணியின் சிறுவயது ரசிகர். டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் 40 கெஜத்தை 5.28 நொடியில் ஓடினார். குவார்ட்டர்பேக்குகளுக்குக்கூட அது மந்தமான ஓட்டம். அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள் அழைக்கப்பட்டனர். அவர்களில் ஒருவரை மூன்றாம் சுற்றில் எடுத்தது 49-அர்ஸ் அணிதான். அந்த வீரர் பருவகால ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. பிராடி 6-ஆம் சுற்றில் 199-ஆவதாக நியூ இங்கிலாந்து அணிக்குப் போனார். 2001 செப்டம்பரில் அந்த அணியின் முதன்மை குவார்ட்டர்பேக் டிரூ பிளெட்சோ காயமடைந்தார். அவர் 1993-இன் முதல் தேர்வு. அவர் இடத்தில் இறங்கிய பிராடி ஏழு சூப்பர் பவுல் பட்டங்களுடன் ஓய்வு பெற்றார். பிளெட்சோ அன்று காயமடையாமல் இருந்திருந்தால் 199 என்ற எண் எவர் நினைவிலும் இருந்திராது.

விலைப்பட்டியலும் ஆய்வுகளும்

அணிகள் தங்கள் தேர்வு உரிமைகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ளலாம். 1990-களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த டாலஸ் கௌபாய்ஸ் அணி இதற்கென ஒரு மதிப்புப் பட்டியலைத் தயாரித்தது. முதல் தேர்வுக்கு 3000 புள்ளி, இரண்டாவதற்கு 2600, 32-ஆவதற்கு 590. அதாவது முதல் ஆள் ஒருவரும் 32-ஆவது ஆட்கள் ஐவரும் சமம். மற்ற அணிகளும் நாளடைவில் இதையே பின்பற்றின.

இந்த விலை நியாயமா என்று கேட்டவர்கள் கேட் மேசி, ரிச்சர்ட் தேலர் என்னும் இரு அறிஞர்கள். தேலர் பின்னர் 2017-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். 2005-இல் வெளியான இவர்களது ஆய்வு, முன் தேர்வுகள் சராசரியில் நன்றாகவே ஆடுகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் திறமை மெதுவாக இறங்க, விலை செங்குத்தாக இறங்குகிறது. கொடுத்த ஊதியத்தைக் கழித்துப் பார்த்தால் அணிக்கு அதிக ஆதாயம் தந்தவை இரண்டாம் சுற்றுத் தேர்வுகளே. ஒரே ஆட்ட இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முன்னவர் சிறந்து விளங்கும் வாய்ப்பு 52 விழுக்காடு என்றும் கண்டனர். நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். மெலிந்த அணிக்கு உதவவென்று பெர்ட் பெல் வகுத்த முதல் தேர்வு, அந்த அணிக்கே சுமையாகிவிட்டது என்பது இதன் பொருள்.

2010-இல் முதலாவதாக வந்த சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் 6 ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். அதில் 5 கோடி உறுதியளிக்கப்பட்ட தொகை. மறு ஆண்டு வீரர் சங்கத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டால் புதியவர்களின் ஊதியத்துக்கு வரம்பு வந்தது. 2011-இன் முதல் தேர்வான கேம் நியூட்டன் பெற்றது 4 ஆண்டுக்கு 2.2 கோடி. இதனால் மேசி, தேலர் சுட்டிய சுமை பெருமளவு குறைந்தது.

டேவிட் பெர்ரி, ராப் சிம்மன்ஸ் ஆகியோர் குவார்ட்டர்பேக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓர் ஆட்ட நகர்வுக்கான சராசரித் திறனுக்கும் தேர்வு எண்ணுக்கும் தொடர்பு மிகக் குறைவு என்றனர். எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் இதை ஏற்றார். உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் மறுத்தார். மறுப்பில் வலுவுண்டு. ஆறாம் சுற்றில் வந்தவர்களில் பெரும்பாலோர் களத்துக்கே வருவதில்லை. பயிற்சியில் மிகச் சிறந்தவர் எனத் தெரிந்த சிலரே வருகின்றனர். வடிகட்டிய அந்தச் சிலரை, நன்றாக ஆடினாலும் ஆடாவிட்டாலும் களமிறக்கப்படும் முதல் சுற்றினரோடு ஒப்பிட்டால் இருவரும் சமமாகத் தோன்றுவது இயல்பே.

மறுபுறம், வாய்ப்பும் எண்ணைப் பின்தொடர்கிறது. கூடைப்பந்தில் பேரி ஸ்டா, ஹா ஹோவாங் 1995-இல் வெளியிட்ட ஆய்வு, ஆட்டத்திறன் ஒன்றாக இருந்தாலும் முன்னதாக எடுக்கப்பட்டவருக்கே கூடுதல் நேரம் தரப்படுவதைக் காட்டியது. கொட்டிய பணத்தை வீண் என ஒப்புக்கொள்ள நிர்வாகங்களுக்கு மனம் வருவதில்லை.

கடைசி எண்

டிராஃப்டின் கடைசி ஆளை 1976 முதல் ‘பொருட்படுத்த வேண்டாதவர்’ என்ற பொருள்படும் பட்டத்துடன் கேலியாகக் கொண்டாடுவது வழக்கம். 2022-இல் அந்தப் பட்டம் 262-ஆவதாக வந்த குவார்ட்டர்பேக் பிராக் பர்டிக்குக் கிடைத்தது. அவரை எடுத்தது அதே 49-அர்ஸ் அணி. அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த அணி மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளை மயாமி அணிக்குக் கொடுத்து, மூன்றாம் இடத்துக்கு முன்னேறி டிரே லான்ஸை எடுத்திருந்தது. 2022 செப்டம்பரில் லான்ஸுக்குக் கணுக்கால் முறிந்தது; டிசம்பரில் அடுத்தவரான ஜிம்மி கரோப்பலோவின் பாதம் முறிந்தது. மூன்றாவதாகக் காத்திருந்த பர்டி களமிறங்கினார். 2023 ஆகஸ்டில் லான்ஸ் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டாலஸ் அணிக்கு மாற்றப்பட்டார். 2024 பிப்ரவரியில் பர்டி தன் அணியைச் சூப்பர் பவுலுக்கு அழைத்துச் சென்று, கூடுதல் நேரத்தில் 25-22 என்ற கணக்கில் கேன்சஸ் சிட்டியிடம் தோற்றார். 2025-இல் அவர் கையெழுத்திட்ட புதிய ஒப்பந்தம் 5 ஆண்டுக்கு 26.5 கோடி டாலர்.