அசலுக்குப் போலி வேஷம்!

திண்டுக்கல்லில் பஸ் ஏறி கரூர் ரோட்டில் ஏழெட்டு கிலோமீட்டர் போனால் தாடிக்கொம்பு. இறங்கி நடந்தால் சௌந்தரராஜப் பெருமாள் கோயில். தாயார் சன்னிதிக்கு முன்னால் இருக்கிற மண்டபத்துக்குள் நுழைந்தவர்கள் சட்டென்று வெளியே வந்ததாகச் சரித்திரமே இல்லை. உலகளந்த பெருமாள், இரணியனை வதம் செய்யும் நரசிம்மர், ரதி, மன்மதன்... தூணோடு தூணாக, அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் நிற்கிறார்கள். விஜயநகர, நாயக்கர் காலத்துச் சிற்பிகளின் கைவரிசை!

போன மாதம் நண்பரின் மகனை அங்கே கூட்டிப் போயிருந்தேன். பையனுக்கு சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. உயிர் மட்டும் எலெக்ட்ரிக் கிடாரில். ரதி சிலையை முன்னும் பின்னும் சுற்றிச் சுற்றிப் பார்த்தவன், "மாமா, இது ஒரிஜினல்தானா?" என்றான்.

சிரித்துவிட்டேன். தூணையும் சிலையையும் ஒன்றாகச் செதுக்கி, தலைக்கு மேல் கல் கூரையையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். இதைப் பெயர்த்து எடுத்துப் போய், இன்னொன்றை யார் நட்டு வைக்க முடியும்?

ஆனால், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் புழங்குகிற உலகம் அப்படி. டீக்கடை பெஞ்ச்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளக்கினான். அமெரிக்காவின் கிப்ஸன் கம்பெனி 1958 முதல் 1960 வரை 'லெஸ் பால்' கிடாரில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு ரகம் செய்ததாம். சரியாக விற்கவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மொத்தமாகச் செய்ததே இரண்டாயிரத்துக்கும் குறைவு. அப்புறம் எரிக் கிளாப்டன், ஜிம்மி பேஜ் போன்ற பெரிய கைகள் அதை வாசிக்க ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான்... அன்று சீந்துவாரில்லாத கிடார், இன்று லட்சக்கணக்கான டாலர்!

அப்புறம் என்ன? விலை ஏறினால் போலியும் கூடவே ஏறும். பழைய மரத்தைத் தேடிப் பிடித்து அந்த மாடலையே மறுபடி செய்கிறார்கள். உள்ளே கம்பிச்சுருள் பெட்டியின் அடியில், 'காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்' என்று கம்பெனி ஒட்டிய சின்னஞ்சிறு ஸ்டிக்கரைக்கூட அச்சடித்து விற்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் வெளிப்பூச்சை நம்புவதில்லை. ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே பற்றவைத்த ஈயத்தை யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம், ஃபெண்டர் கம்பெனி 1995 முதல் தானே புதுக் கிடாரைச் சுரண்டி, கீறி, துருவேற்றிப் 'பழசு' மாதிரியே விற்கிறது. அது மோசடி இல்லை. புதுசு என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

கேட்டுக்கொண்டே இருந்த எனக்கு சுவாமிமலை ஞாபகம் வந்தது. அங்கேயும் இதே கதைதான். அச்சு அசலாகச் சோழர் காலத்துச் சிலை போலவே பச்சைக் களிம்பு ஏற்றி, 'ஆன்ட்டிக் ஃபினிஷ்' என்று ஸ்தபதிகள் செய்து தருகிறார்கள். அதுவும் மோசடி இல்லை. கைவினைப் பொருள். தாராளமாக ஏற்றுமதி செய்யலாம்.

கல் தூணை நகர்த்த முடியாது. ஆனால், ஐம்பொன் சிலை நகர்வதற்காகவே செய்யப்பட்டது. உற்சவர் வீதியுலா போக வேண்டுமே! சுவாமியைத் தூக்கிப் போகலாம் என்றால் திருடனும் தூக்கிப் போகலாம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிவபுரம். 1951-ல் அங்கே மண்ணுக்கடியிலிருந்து சில செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அதில் ஒன்று 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடராஜர். அரசாங்கம் அவற்றைக் கோயிலிடமே ஒப்படைத்தது. பல நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்த சிலையை அப்படியே பூஜையில் வைக்க முடியுமா? செப்பனிடக் கொடுத்தார்கள். 1950-களின் நடுவில் சிலை திரும்பி வந்தது. ஊர் கும்பிட்டது.

வந்தது வேறு சிலை!

பழுது பார்க்கப் போன இடத்திலேயே நகல் ஒன்று வார்த்து, அதைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, அசலை பம்பாய்க்கு விற்றுவிட்டார்கள். வருஷக்கணக்கில் கோயிலில் தீபாராதனை நடந்தது நகலுக்கு. அசல், பம்பாயில் ஒரு சேகரிப்பாளர் வீட்டில் அலங்காரப் பொருளாக நின்றது.

எப்படித் தெரிந்தது? இங்கேதான் வார்ப்பு ரகசியம் வருகிறது. நம்ம ஊர் முறையில் முதலில் மெழுகில் சிலை. அதன்மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பு. ஆறியதும் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதாவது, ஒரு அச்சு, ஒரு சிலை. அதே சிலையை ராஜராஜன் வந்து கேட்டாலும் இரண்டாம் முறை செய்து தர முடியாது. எவ்வளவு கெட்டிக்கார ஸ்தபதி நகலெடுத்தாலும் விரல் மடிப்பிலோ, சடையிலோ ஏதோ ஒன்று மாறிவிடும். பழைய போட்டோ ஒன்று இருந்தால் போதும்.

பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட், சோழர் சிலைகளைப் பற்றி 1965-ல் எழுதிய புத்தகத்தில் இந்தச் சங்கதியைப் போட்டு உடைத்தார். சிவபுரத்தில் இருப்பது நகல், அசல் பம்பாயில் என்று. அச்சில் வந்துவிட்ட திருட்டு! அதற்குப் பிறகும் அசல் நடராஜர் 1969-ல் சாவகாசமாக நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1973-ல் கலிஃபோர்னியா கோடீஸ்வரர் நார்ட்டன் சைமனின் அறக்கட்டளை, ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. கடத்தல் சிலையாமே என்று நிருபர் கேட்டபோது மனிதர் மறுக்கவே இல்லை. ஆசியக் கலைப்பொருட்களுக்காகத் தான் கொட்டிய பணத்தில் பெரும்பகுதி கடத்தல் சரக்குக்குத்தான் என்கிற மாதிரி பதில் சொன்னார். (பிற்பாடு, அப்படிச் சொல்லவில்லை என்றார். கோடீஸ்வரர்களுக்கு மறதி சகஜம்.)

இந்தியா வழக்குப் போட்டது. 1976-ல் சமரசம். என்ன சமரசம் தெரியுமா? பத்து வருஷம் அவர் வைத்துக்கொண்டு காட்சிக்கு வைக்கலாம், அப்புறம் திருப்பித் தரவேண்டும். திருடு போன பொருளுக்குப் பத்து வருஷக் குத்தகை! 1986-ல் நடராஜர் இந்தியா திரும்பினார். ஆனால், சிவபுரத்தின் சன்னிதிக்கு இல்லை. மறுபடியும் திருடு போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், பாதுகாப்புப் பெட்டகத்துக்கு.

கிடார் உலகத்தில் போலிதான் அசல் வேஷம் போடும். சிலைக் கடத்தலில் கொஞ்சம் கூடுதலாகவே சாமர்த்தியம்... இங்கே அசல், போலி வேஷம் போடுகிறது!

1972-ல் வந்த தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அப்படியானால் எப்படிப் போகிறது? 'கைவினைப் பொருள், புதுசு' என்று சீட்டு ஒட்டிக்கொண்டு. சுவாமிமலையில் நேற்று வார்த்த சிலைகளோடு சிலையாக ஆயிரம் வயசுக்காரரும் மரப்பெட்டிக்குள் படுத்துக்கொள்வார். துறைமுகத்தைத் தாண்டும்வரை அவர் போலி. நியூயார்க்கில் பெட்டியைத் திறந்ததும் அசல்!

அங்கே புதுப் பிரச்னை. அசல் என்றால், எப்போது இந்தியாவை விட்டு வந்தது என்று மியூசியம் கேட்கும். அதற்குத்தான் காகிதம். சிலை அசல், காகிதம் போலி.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான். பூஜை நின்றுபோய், பூட்டிக் கிடந்த சோழர் காலச் சிவன் கோயில். 2006-ல் பூட்டை உடைத்து நடராஜரைத் தூக்கினார்கள். 2008-ல் கான்பெராவில் இருக்கும் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதை 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் கேலரி வைத்திருந்த சுபாஷ் கபூர். அவர் நீட்டிய காகிதப்படி, டெல்லியில் இருந்த ஒரு சூடான் நாட்டு தூதரக அதிகாரி 1970-லேயே இதை வாங்கிவிட்டாராம். அதாவது, 1972 சட்டம் வருவதற்கு முன்னாலேயே! பெரிய மியூசியம் அதை நம்பியது, அல்லது நம்ப விரும்பியது.

காகிதத்தைக் கவிழ்த்தது ஒரு கறுப்பு-வெள்ளை சமாசாரம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. 1956 முதல் ஊர் ஊராகப் போய் கோயில்களையும் சிலைகளையும் படம் எடுத்து, எண் போட்டு அடுக்கி வைத்தவர்கள். எதற்கு எடுக்கிறார்கள் என்று உள்ளூரில் யாருக்கும் புரிந்திருக்காது. அவர்கள் 1994-ல் ஸ்ரீபுரந்தானிலும் படம் எடுத்திருந்தார்கள். அதில் நின்றுகொண்டிருந்தார், 1970-லேயே டெல்லியில் விலை போனதாகச் சொல்லப்பட்ட அதே நடராஜர்!

கபூர் 2011 அக்டோபரில் ஜெர்மனியில் கைதானார். 2012-ல் சென்னைக்குக் கொண்டு வரப்பட்டார். உடையார்பாளையம் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருஷம் தண்டனை கொடுத்தது. ஸ்ரீபுரந்தான் நடராஜரை 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து திருப்பிக் கொடுத்தார்.

"சரி மாமா... சிவபுரத்துல அத்தனை வருஷம் போலியைக் கும்பிட்டாங்களே, அவங்க ஏமாந்தவங்களா?" என்றான் பையன், டீயை மறந்துவிட்டு.

எனக்கும் நெடுநாளாக இருக்கிற கேள்விதான். ஆகம முறைப்படி பார்த்தால் வெறும் சிலை சுவாமி ஆவதில்லை. கண் திறந்து, மந்திரம் சொல்லி, உயிர் ஏற்றினால்தான் சுவாமி. அந்தச் சடங்கு சிலையின் வயதைக் கேட்பதில்லை. போன வாரம் வார்த்ததும் தெய்வமாகலாம். அந்தக் கணக்கில் வேண்டிக்கொண்டு போன சனம் ஏமாறவில்லை. ஆனால், சோழர் காலத்து ஸ்தபதியின் கையையும், தங்கள் பாட்டன் பூட்டன் மண்ணுக்குள் புதைத்துக் காப்பாற்றிய பொருளையும் அவர்களிடமிருந்து பறித்தார்களே, அதை எந்த மந்திரம் ஈடு கட்டும்? இரண்டும் உண்மை என்றுதான் தோன்றுகிறது. அவனிடம் இவ்வளவு விளக்கமாகச் சொல்ல வரவில்லை. "பாதி ஏமாந்தாங்கப்பா" என்று மட்டும் சொன்னேன்.

கிளம்பலாம் என்றேன். "ஒரு நிமிஷம்" என்று மறுபடி மண்டபத்துக்குள் ஓடினான். அங்கே இருந்தவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு செல்போனை எடுத்தான். செல்ஃபி எடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். இல்லை. ரதி சிலையின் விரல்களை, பாதத்தை, கல்லில் இருந்த சின்னச் சின்னச் சிராய்ப்புகளை, கிடாரின் ஸ்க்ரூவைப் பார்க்கிற மாதிரி கிட்டப் போய் ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தூணை யாருப்பா தூக்கப் போறான்?" என்றேன்.

"இருக்கட்டும் மாமா" என்றான்.