வட்டுப் போரில் விசிடியின் இடம்: கலவை வட்டாரத்தை முன்வைத்து

வீடியோ கேம் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் 2006க்கும் 2008க்கும் இடைப்பட்ட காலத்தை ப்ளூ-ரே, எச்டி டிவிடி என்ற இரண்டு வட்டு வடிவங்களின் போராகவே பார்க்கிறார்கள். சோனி தன் பிளேஸ்டேஷன் 3க்குள் ப்ளூ-ரேயைப் பொருத்தி விற்றது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360இன் விளையாட்டுகளை டிவிடியிலேயே வைத்துக்கொண்டு, எச்டி டிவிடி படங்களுக்கு மட்டும் 199 டாலருக்குத் தனிப்பெட்டி விற்றது. 2008 ஜனவரியில் வார்னர் நிறுவனம் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தது. அடுத்த மாதமே தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது. கருவிக்குள் வைத்து வீட்டுக்குள் அனுப்பியதால்தான் ப்ளூ-ரே வென்றது என்பது வழக்கமான முடிவு. ராணிப்பேட்டை மாவட்டத்துக் கலவை போன்ற ஒரு பேரூரிலிருந்து பார்த்தால் இந்த முடிவு நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் தொழில்நுட்பம். இரண்டுமே 405 நானோமீட்டர் நீல லேசரைப் பயன்படுத்தின. எச்டி டிவிடியின் தரவு அடுக்கு, டிவிடியில் உள்ளது போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. ஆகவே பழைய டிவிடி ஆலைகளைச் சிறு மாற்றத்தோடு ஓட்டலாம். ப்ளூ-ரேயில் அது மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டரில் இருந்தது. ஓர் அடுக்குக்கு 15 ஜிபிக்குப் பதில் 25 ஜிபி கிடைத்தது. ஆனால் புதிய இயந்திரங்கள் வேண்டும். இந்தக் கணக்கு நம் தோல் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1972இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தபின், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. பாதி பதனிட்ட தோலிலிருந்து முழுமையாக்கிய தோலுக்கு மாறும் செலவு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை முதலாளிகளின் தலையில் விழுந்தது. எந்த மாற்றத்திலும் அதன் செலவைச் சுமப்பவர் யார் என்பதே முதல் கேள்வி. ப்ளூ-ரேக்கு அந்தச் சுமையைச் சோனி ஏற்றது. அடக்கவிலைக்கும் கீழே கருவியை விற்றது.

அப்படிக் குறைத்து விற்ற கருவி 2007இல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 39,990 ரூபாய். அப்போது தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி நாளொன்றுக்கு 80 ரூபாய். அந்த வேலையின் ஐந்தாண்டு ஊதியம் முழுவதும் ஒரு பெட்டிக்கு. ஆனால் விலையோடு வாதத்தை நிறுத்துவது சோம்பேறித்தனம். 2006 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச கலர் டிவி திட்டம் தொடங்கியது. வீடுகளுக்கு வந்தவை 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகள். நம் ஒளிபரப்பு முறையில் திரைக்குக் கிடைப்பவை 576 கோடுகள்தாம். ப்ளூ-ரேயின் 1080 கோடுகளை இலவசமாகவே கொடுத்திருந்தாலும் அந்தப் பெட்டியில் காட்ட வழியில்லை. அன்று வேலூர் மாவட்டத்திலும் 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டத்திலும் அடங்கும் கலவையில் அந்தப் போர் தொடங்கவே இல்லை.

இங்கு நிலவிய வட்டு விசிடி. 1993இல் வரையறுக்கப்பட்ட அதன் படம் 352க்கு 288 புள்ளிகள். சின்னப் படக்குழாய்க்கு அது போதும். 2007இல் மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்றது. திருட்டு விசிடியின் வீச்சைச் சொல்லத் தனிச் சான்று தேவையில்லை: அதைத் தடுக்க 2004இல் குண்டர் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது.

ஒப்பீட்டு அட்டவணைகள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: எந்த கேம் கருவி விசிடியை ஓட்டும்? பிளேஸ்டேஷன் 2 பாட்டு சிடியைப் படிக்கும், டிவிடியைப் படிக்கும், முதல் பிளேஸ்டேஷனின் வட்டையும் படிக்கும், விசிடியைப் படிக்காது. எக்ஸ்பாக்ஸும் விசிடியைப் படிக்காது. இதைச் சோனியின் அறியாமை என்று தள்ளவும் முடியாது. முதல் பிளேஸ்டேஷனில் விசிடி ஓட்டும் வெள்ளை நிற மாதிரி ஒன்றை ஆசியச் சந்தைக்கென்றே அது வெளியிட்டிருந்தது. அடுத்த தலைமுறையில் அந்த வசதியை விட்டது. பிளேஸ்டேஷன் 2 உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்றதற்கு அதன் டிவிடி வசதியைக் காரணம் காட்டுவார்கள். ஜப்பானுக்கு அது சரி. வீட்டுப் படத்தட்டு விசிடியாக இருக்கும் ஊரில் அதே வசதி பாதி வசதிதான்.

அந்த இடத்தை நிரப்பியது மலிவான டிவிடி பிளேயர். விசிடி, எம்பி3, டிவிடி எல்லாம் அதில் ஓடும். பல பிளேயர்களோடு ஜாய்ஸ்டிக்கும் ஒரு கேம் சிடியும் வந்தன. உள்ளே இருந்தவை பெரும்பாலும் 1980களின் நின்டெண்டோ விளையாட்டுகள். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வெறும் 40 கிலோபைட். நூற்றுக்கணக்கில் அடைத்தாலும் சிடி நிரம்பாது. உரிமமற்ற சரக்கு என்பதால் விளையாட்டு வரலாற்றாளர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விற்பனைப் பட்டியலைக் கொண்டு பண்பாட்டை அளக்கும் பழக்கத்தின் விளைவு அது. கருவி என்பதற்கு 'டிவியில் மாட்டி ஆடுவது' என்று பொருள் கொண்டால் இந்தப் பிளேயரும் போட்டியில் இருந்த ஒரு கருவியே.

இது வறுமையின் கதை, வடிவத்தின் கதையல்ல என்று ஒருவர் மறுக்கலாம். அப்படியானால் பிளேஸ்டேஷன் 2இன் விலை இறங்கியபின் நிலைமை மாறியிருக்க வேண்டும்; மாறவில்லை. சோனியும் முயன்றது: கபடி, கிட்டிப்புள், பட்டம் கொண்ட 'தேசி அட்டா'வையும் 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற விளையாட்டையும் 2009இல் இந்தியாவுக்கென வெளியிட்டது. உள்ளடக்கம் ஊருக்கு ஏற்றது, வட்டு ஏற்றதல்ல. பக்கத்து வீட்டுப் பிளேயரில் போட்டுப் பார்க்கவோ, படத்தட்டோடு கைமாற்றவோ முடியாத வட்டு அது.

இம்முடிவை வேலூர் நகரத்துக்கு அப்படியே நீட்ட முடியாது. கல்லூரி விடுதிகளும் கணினிகளும் நிறைந்த இடத்தில் விளையாட்டு வேறு வழியில் பரவியது. அங்கே போட்டி வட்டோடு அல்ல, வன்தட்டோடு. கலவைக்கும் வேலூருக்கும் இடையிலான அந்த வேறுபாட்டை, இந்தியா முழுவதையும் ஒரே சந்தையாக எண்ணும் ஆய்வுகளால் பிடிக்க இயலாது.