சிறைக்கு வந்த உணவு

ஆதி கிறிஸ்தவப் புனிதர்கள் என்றதும் நம் மனக்கண் முன் வருவது பெரும்பாலும் இரத்தக் காட்சிதான். சீறிவரும் விலங்குகள், ஆரவாரிக்கும் ஜனக்கூட்டம், வாளுக்குக் கழுத்தை நீட்டும் பெண்கள், தீயின் நடுவே ஜெபிக்கும் கிழவர். இவையெல்லாம் நடந்தவைதாம். கி.பி. 203-ல் கார்த்தேஜ் நகரில் கைக்குழந்தையைப் பிரிந்து வட்ட அரங்கத்துக்குப் போன பெர்பெத்துவாவுக்கு வயது சுமார் 22. சிறையிலிருந்து அவள் எழுதிய குறிப்புகள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன.

ஆனால் கதை எழுதுகிறவனுடைய புத்தி, மேடையில் நடப்பதோடு திருப்தி அடைவதில்லை. திரைக்குப் பின்னாலும் எட்டிப் பார்க்கும். ஒருவர் நெஞ்சில் இருந்த விசுவாசம் இன்னொருவர் நெஞ்சுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? அரங்கத்தில் உயிர் விட்டவர்களைக் கண்டு மனம் மாறியவர்கள் உண்டு. ஆனால் எல்லா ஊரிலும் அரங்கமா இருந்தது? அரங்கம் இல்லாத ஊர்களில் என்ன நடந்தது? இதற்குப் பதில் சொல்லும் ஒரு சம்பவம் எகிப்து தேசத்தில் நடந்திருக்கிறது.

பக்கோமியுஸ் என்ற வாலிபன் தென் எகிப்தில், பழைய தெய்வங்களை வணங்கிய குடும்பத்தில் பிறந்தவன். அவனுக்கு 20 வயது இருக்கும்போது, 312-ல், பட்டாளத்துக்கு ஆள் பிடித்தார்கள். இஷ்டப்பட்டவர்களைச் சேர்க்கும் பட்டாளம் அல்ல அது. ஊர் ஊராக வாலிபர்களைப் பிடித்து, நைல் நதியில் படகேற்றிக் கொண்டுபோனார்கள். வழியில் தீப்ஸ் நகரத்தில் தங்கியபோது, ஓடிவிடாமல் இருக்க அவர்களைச் சிறையில் வைத்துப் பூட்டினார்கள்.

மாலையில் அந்த ஊர்க்காரர்கள் சிலர் உணவு எடுத்துக்கொண்டு சிறைக்கு வந்தார்கள். கலங்கிக் கிடந்த பையன்களைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினார்கள். முன்பின் தெரியாத நமக்கு இவர்கள் ஏன் அன்பு காட்டுகிறார்கள், இவர்கள் யார் என்று பக்கோமியுஸ் விசாரித்தான். கிறிஸ்தவர்கள் என்று பதில் வந்தது. பரலோகத்துக் கடவுளை முன்னிட்டு எல்லாருக்கும் நன்மை செய்கிறவர்கள் என்று விளக்கமும் வந்தது. அவ்வளவுதான் பிரசங்கம். அன்றிரவு அவன் தனியே ஒதுங்கியிருந்து, அன்றுதான் கேள்விப்பட்ட அந்தக் கடவுளிடம் வேண்டிக்கொண்டான். தனக்கு விடுதலை கிடைத்தால் வாழ்நாளெல்லாம் மனிதருக்குத் தொண்டு செய்வதாக வாக்குக் கொடுத்தான். அவனுடைய பழைய சரிதங்கள் இப்படிச் சொல்கின்றன.

அந்தப் பட்டாளம் யாருடையது என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய சரிதங்கள் கான்ஸ்தந்தீன் பெயரைச் சொல்கின்றன. ஆனால் 312-ல் எகிப்து மாக்ஸிமினுஸ் என்ற சக்கரவர்த்தியின் கையில் இருந்தது. ஆகவே அவனுடைய படைக்காகவே ஆள் பிடித்திருக்க வேண்டும் என்பது சரித்திர ஆசிரியர்களின் கருத்து. இந்த மாக்ஸிமினுஸ் கிறிஸ்தவர்களை வேட்டையாடியவன். அதற்கு முந்திய ஆண்டுதான், 311-ல், அலெக்ஸாந்திரியாவின் ஆயர் பேதுரு அவனுடைய ஆட்சியில் தலை வெட்டுண்டு இறந்தார். தங்கள் ஆயரைக் கொன்றவனுக்காகப் போர் செய்யப் போகும் பையன்களுக்குத்தான் தீப்ஸ் கிறிஸ்தவர்கள் உணவு கொண்டுவந்தார்கள். படகு புறப்பட்டால் அந்த முகங்களை அவர்கள் மறுபடி பார்க்கப் போவதில்லை. சபையின் கணக்கில் ஒரு தலை அதிகமாகும் என்று எதிர்பார்க்க அங்கே இடமே இல்லை.

சிறைக்கு உணவு கொண்டுபோவது அவர்களிடையே பழைய வழக்கம். அதற்குச் சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பே லூசியன் என்ற நையாண்டி எழுத்தாளர், பெரெகிரினுஸ் என்பவனைப் பற்றி எழுதியிருக்கிறார். அவன் கிறிஸ்தவனாகச் சிறையில் இருந்தபோது விதவைக் கிழவிகளும் அநாதைக் குழந்தைகளும் விடியற்காலையிலேயே சிறை வாசலில் வந்து காத்திருப்பார்களாம். விதவிதமான சாப்பாடு உள்ளே போகுமாம். தூரத்து ஊர்களிலிருந்துகூட உதவிக்கு ஆட்கள் வந்தார்களாம். லூசியன் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. எந்தப் புரட்டனும் சுலபமாக ஏமாற்றிவிடக்கூடிய அப்பாவிகள் என்று கேலி செய்கிறார். கேலி செய்கிறவரின் சாட்சியம் என்பதாலேயே இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு வித்தியாசம் உண்டு. பெரெகிரினுஸ் அவர்களுடைய ஆள். தீப்ஸில் அதே கை அந்நியரிடமும் நீண்டது.

313-ல் மாக்ஸிமினுஸ் போரில் தோற்று, சில மாதங்களில் மடிந்தான். பையன்கள் விடுதலை பெற்றார்கள். பக்கோமியுஸ் செனோபோஸ்கியோன் என்ற கிராமத்துக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றார். இனி அவரை 'அவர்' என்றே சொல்ல வேண்டும். அங்கே கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளுக்கு விறகு சுமந்து கொடுத்தார். பிறகு பலமோன் என்ற முதிய துறவியிடம் சில ஆண்டுகள் பயின்றார். அந்நாளில் துறவி என்றால் பெரும்பாலும் தனியே தவம் கிடப்பவர். பக்கோமியுஸோ தபென்னேசி என்ற இடத்தில், துறவிகள் ஒரே மதிலுக்குள் சேர்ந்து உழைத்து, சேர்ந்து உண்டு, நோயுற்றவரைப் பராமரித்து வாழும் மடத்தை அமைத்தார். 346-ல் கொள்ளைநோய் அவரையே கொண்டுபோனபோது ஆண்களுக்கு 9 மடங்களும் பெண்களுக்கு 2 மடங்களும் இருந்தன. அவருடைய மடத்து விதிகளை ஜெரோம் 404-ல் லத்தீனில் பெயர்த்தார். அதன் வழியே அவை மேல்நாட்டுத் துறவிகளையும் எட்டின. இத்தனைக்கும் தொடக்கம், சிறைக்கு வந்த ஒருவேளை உணவு.

இன்று விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறவர்களிடம் உற்சாகத்துக்குக் குறைவில்லை. ஒலிபெருக்கி, துண்டுப் பிரசுரம், தொலைக்காட்சி, கைப்பேசி எல்லாவற்றிலும் பதில்கள் நிரம்பி வழிகின்றன. கேள்வி கேட்டவர் யார் என்பதுதான் தெரிவதில்லை. தீப்ஸில் முதலில் வந்தது உணவு. அதைக் கண்டு பிறந்தது கேள்வி. அதற்குப் பிறகே பதில்.

அப்படியானால் வாயைத் திறக்கவே கூடாதா என்று சிலர் கேட்கலாம். அப்படியல்ல. கேட்டவனுக்கு ஒளிவுமறைவின்றிப் பதில் கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் ஆபத்து என்றிருந்த நாளிலும் அவர்கள் இன்னார் என்பது ஊருக்குத் தெரிந்திருக்கிறது. உணவையே தூண்டிலாக்கினால் என்ன என்று வேறு சிலருக்குத் தோன்றலாம். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1840-களில் அயர்லாந்தைப் பெரும் பஞ்சம் வாட்டியபோது, மதம் மாறினால் கஞ்சி வார்ப்பதாகச் சில பிரசாரகர்கள் மீது பழி எழுந்தது. கஞ்சி குடித்தவன் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வசைச்சொல்லாக நிலைத்துவிட்டது. இரண்டு இடத்திலும் பசித்தவனுக்கு உணவுதான் கொடுத்தார்கள். ஒன்றிலிருந்து மடங்கள் எழுந்தன. மற்றதிலிருந்து ஆறாத மனக்கசப்பு எழுந்தது.

பக்கோமியுஸுக்குத் திருநாள் உண்டு, படங்கள் உண்டு. அவருக்கு உணவு கொடுத்தவர்களில் ஒருவருடைய பெயரைக்கூடச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. அந்தப் பையன் பிற்காலத்தில் என்ன ஆனான் என்பது அவர்கள் காதுக்கு எட்டியிருக்குமா என்பதே சந்தேகம். விசுவாசத்தைப் பகிர நினைக்கிறவர்களுக்கு யாரை உதாரணமாகக் காட்டலாம் என்று என்னைக் கேட்டால், இவர்களைத்தான் காட்டுவேன். விலங்கின் முன் நிற்கும் சந்தர்ப்பம் எல்லாருக்கும் வாய்க்காது. பசித்த அந்நியன் எந்த ஊருக்கும் வருவான்.