அறுத்துக் கட்டிய உரிமை

"அறுத்துக் கட்டுற சாதிதானே" என்ற வசவைக் கேட்காமல் சேரியில் ஒரு பெண் வளர்ந்திருக்க முடியாது. ஊர்த்தெருவில் காதில் விழுந்த அந்தச் சொல், இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆளேற்றிப் போகும் கம்பெனி வேனிலும் கேலியாக வந்து விழுகிறது. அதைவிட நமக்கு உறைப்பது வேறொன்று. படித்து, வேலைக்குப் போய், மாடி வீடு கட்டிய நம் குடும்பங்களே இப்போது அந்தச் சொல்லுக்குக் கூசுகின்றன. அடிபட்டுத் திரும்பி வந்த மகளை "நம்ம வீட்ல அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது" என்று சொல்லித் திருப்பி அனுப்புகின்றன.

கிடையாதா? தோழர்களே, இருந்தது. பல தலைமுறையாக இருந்தது.

ஒத்துவராத திருமணத்தை முடித்துக்கொண்டு, ஆணும் பெண்ணும் வேறு வாழ்க்கை தேடிக்கொள்ளும் வழக்கம் தமிழகத்தின் உழைக்கும் சாதிகள் பலவற்றில் உண்டு. அத்துவிடுவது, தீர்த்துவிடுவது என்று இடத்துக்கு ஒரு பெயர். 1909-ல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' தொகுதிகள், சாதியார் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்து மணத்தை முடித்துக்கொண்ட வழக்கத்தைக் கள்ளர்களிடையே பதிவு செய்திருக்கின்றன. துரும்பு கொடுத்தால் முடிந்தது; வாங்கினால் ஒப்புக்கொண்டதாகப் பொருள். சேரிகளில் நாட்டாமை முன்னிலையில் பேசி, பரிசத்தைத் திருப்பி, தண்டம் கட்டித் தீர்த்தார்கள். கைம்பெண்ணுக்கும் மறுமணம் உண்டு. தாலி அறுந்ததோடு அவள் வாழ்க்கையும் அறுந்துபோக வேண்டும் என்று நினைத்தவர்கள்தான், அவள் மறுபடி கட்டிக்கொண்டதை இழிவாகப் பார்த்து அதற்கு வசவுப் பெயர் வைத்தார்கள்.

இதைப் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பிள்ளை தகப்பனுக்கு என்று முடித்து, தாயை வெறுங்கையோடு அனுப்பிய தீர்ப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் வெளியேறும் கதவு ஒன்று இருந்தது. அந்தக் கதவு ஏன் திறந்திருந்தது? நம் பெண்கள் நாற்று நட்டார்கள், களை எடுத்தார்கள், ஆடு வளர்த்தார்கள். கணவன் வீட்டை விட்டு வந்தாலும் கஞ்சிக்கு வழியிருந்தது. அவர்கள் கையில் இருந்த கூலிதான் அந்த வழக்கத்தைத் தாங்கியது.

சேரியில் மணமுறிவைவிட மணம் முடிப்பதுதான் ஆபத்தாக இருந்த காலமும் உண்டு. இன்றைய திருவள்ளூர் மாவட்டப் பகுதிகள் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. கல்யாணச் செலவுக்கு மிராசுதாரரிடம் வாங்கிய முன்பணம், எத்தனை வருடம் உழைத்தாலும் தீராத கடனாகி, ஒருவரைப் படியாளாக்கும். பெண்டாட்டி பிள்ளைகளின் உழைப்பும் அதிலேயே போகும். குடியிருக்கும் குடிசை நிற்பதும் மிராசுதாரர் நிலம் என்பதால், எதிர்த்துப் பேசினால் குடும்பமே தெருவில். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-ல் அரசுக்குக் கொடுத்த அறிக்கை இந்த நிலையைத்தான் எடுத்துச் சொன்னது. 1892-ல் பஞ்சமி நிலத்துக்கு வழிவிட்டதும் அதே அறிக்கைதான். பஞ்சமி நிலத்தை மண்ணின் கதையாக மட்டுமே நாம் பேசி வருகிறோம். தன் வீட்டுக் கல்யாணத்துக்காக அடிமையாகாமல் இருக்கும் உரிமையும் அதற்குள் இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் இந்தக் கணக்கை நாடாளுமன்றத்தில் வைத்தார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா விவாகரத்தைக் கொண்டுவந்து குடும்பத்தைச் சிதைக்கும் என்று சனாதனிகள் கூச்சல் போட்டபோது அவர் கேட்டது எளிமையானது. இந்துக்களில் பத்தில் ஒன்பது பங்கினர் சூத்திரர்கள். அவர்களிடம் வழக்கப்படி விவாகரத்து ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் பத்து சதவீதத்தின் சட்டத்தை எல்லோர் தலையிலும் ஏற்றப் போகிறீர்களா? மசோதா கிடப்பில் போடப்பட்டது. 1951 செப்டம்பரில் அவர் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்தார். நான்கு ஆண்டு கழித்து, 1955-ல் வந்த இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்து இடம்பெற்றது. பிரிவு 29-ன் இரண்டாம் உட்பிரிவு, வழக்கப்படி மணமுறிவு பெறும் உரிமையைத் தொடாமல் விட்டது. அந்தச் சட்டத்தில் நம் பாட்டிகளுக்கென்று கிடைத்த இடம் அந்த ஒரு வரிதான். இருவரும் மனமொத்துப் பிரியும் 13-பி பிரிவு சேர 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துரும்பு கிள்ளியவர்கள் எத்தனையோ காலம் முன்பே செய்ததை நாடு அன்றுதான் செய்தது.

திருமணம் எது என்பதிலும் இதே சண்டை. புரோகிதர் இல்லாமல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அண்ணா ஆட்சியில், 1967-ல் 7-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம். முன்பு நடந்தவையும் செல்லும்.

அந்தப் பிரிவு என்ன செய்யும் என்பதற்குத் திருத்தணியில் ஒரு சாட்சி இருக்கிறது. மூன்று பிள்ளைகளோடு மனைவி உயிரோடு இருக்கையில், 1984-ல் ஒருவர் அங்கே ஒரு மண்டபத்தில் இரண்டாம் திருமணம் செய்துகொண்டார். மனைவி வழக்குப் போட்டார். அக்கினியைச் சுற்றி ஏழடி வைத்தது நிரூபணமாகவில்லை, ஆகவே அது திருமணமே இல்லை என்று முதல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. எவ்வளவு வசதியான வாதம் பாருங்கள்! சடங்கில் ஓட்டை விட்டுவிட்டால் எத்தனை கல்யாணமும் செய்துகொள்ளலாம். 2001-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 7-ஏ-யின்படி நடந்தது திருமணமே, ஏழடி தேவையில்லை, இருதார மணக் குற்றம் நின்றது. புரோகிதரை விலக்கக் கொண்டுவந்த சட்டம், கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு 17 வருடம் கழித்துக் கைகொடுத்தது. இதே 7-ஏ-யின்படி வழக்கறிஞர்கள் முன்னிலையில் நடக்கும் திருமணமும் செல்லும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சாதி மறுத்து மணப்பவர்களுக்கு, 30 நாள் நோட்டீஸ் ஒட்டும் சிறப்புத் திருமணச் சட்டத்தைவிட இது எவ்வளவு பெரிய காப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். தேர்வாய்கண்டிகையில் மேய்க்கால் நிலம் சிப்காட் ஆனபோது நம் மக்கள் போராடினார்கள். அங்கே போனது நிலம் மட்டுமில்லை; பெண்கள் கையில் இருந்த ஆட்டுக்காசும் போனது. அதற்கு மாற்றாக வந்தது ஒப்பந்தக் கூலி. பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. சம உரிமை என்ற வகையில் சரிதான். ஆனால் அவன் பகல் ஷிப்ட், இவள் இரவு ஷிப்ட் என்றால் கணவனும் மனைவியும் பார்த்துக்கொள்வதே வாசற்படியில்தான். பிள்ளை யாரிடம் என்பதில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. குடும்பநலம் பற்றி உபதேசம் செய்பவர்கள் காப்பகத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. இதே மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்தும், செங்குன்றம் அரிசி ஆலைகளுக்கு இருளர் குடியிருப்புகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக முன்பணத்துக்குக் கட்டுண்டு வந்தவர்களை அதிகாரிகள் மீட்டிருக்கிறார்கள். 1976-லேயே கொத்தடிமை முறையை ஒழித்தாயிற்று என்பது சட்டப் புத்தகத்தில்.

இந்தச் சூழலில் பிரிய நேர்பவர்கள் நம்மிடம் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு முத்திரைத்தாள். பஞ்சாயத்தில் எழுதியது, இருவர் கையெழுத்து, நாலு சாட்சி. வழக்க மணமுறிவைச் சட்டம் காப்பாற்றுகிறதே, பிறகென்ன என்று கேட்கிறார்கள். காப்பாற்றுவது வழக்கத்தை, தாளை அல்ல. இந்தச் சாதியில், இந்தப் பகுதியில் இப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக உண்டு என்று சாட்சியோடு நிரூபித்தால்தான் அது நிற்கும். நிரூபிக்க முடியாவிட்டால் மறுமணம் செல்லாததாகி, அந்த இரண்டாம் மனைவி நடுத்தெருவில் நிற்பாள். வழக்கத்துக்குக் கூசி அதை மறைக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. வேண்டுமென்கிற நாளில் சாட்சி சொல்ல ஊரில் கிழவர்கள் இருக்கமாட்டார்கள். ஆகவே பஞ்சாயத்தில் பேசி முடித்தாலும் 13-பி-யில் மனுப் போடுங்கள். ஓராண்டு பிரிந்திருந்தால் போதும். அதன் பிறகான ஆறு மாதக் காத்திருப்பையும் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல் தீர்ப்பு வந்துவிட்டது. திருமணத்தை 2009-ன் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் பழைய பஞ்சாயத்தைப் பின்பற்றவே வேண்டாம். தகப்பன் உயிரோடு இருந்தும் பொறுப்பேற்காதபோது தாயே இயற்கைப் பாதுகாவலர் ஆகலாம் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதி மறுத்து மணந்து, பிரிந்து, பிள்ளையோடு சேரிக்குத் திரும்பிய தலித் தாய்களிடம் தாசில்தார் அலுவலகத்தில் "அப்பா சாதிதான் போடுவோம்" என்பார்கள். பிள்ளை யாரிடம், எந்தச் சூழலில், எந்த இழிவுகளைப் பட்டு வளர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும், தகப்பன் சாதி என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யக் கூடாது என்ற 2012-ன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அச்செடுத்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயந்துதான் பலர் முத்திரைத்தாளோடு நின்றுவிடுகிறார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ன் சட்டப்படி. பொன்னேரி நீதிமன்றத்திலோ திருவள்ளூரிலோ சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். முதல் தடவை தனியாகப் போகத் தயங்குகிற பெண்ணோடு நம்மில் ஒருவர் கூடப் போவோம்.