கலகெதரக் காடும் கோடரி உத்தரவும்

கண்டியிலிருந்து குருணாகலுக்குச் செல்லும் பழைய பெருவழியில், மலைநாடு சரிந்து சமவெளியை நோக்கி இறங்கும் கணவாய்ப் பக்கத்தில் அமைந்த ஊர் கலகெதர. 1803ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை கண்டியை நோக்கி ஏறியபோது, இங்கிருந்த காவல் அரணைக் கைப்பற்றியே மேலே சென்றது. அந்நாளில் மலைநாட்டுக்கு மதிலாக நின்றது காடு. கண்டி மன்னர் எல்லைக் காடுகளை வெட்டவிடாது காத்தமைக்கு மரத்தின் மீது கொண்ட அன்பு மட்டும் காரணமன்று; பீரங்கி வண்டி அவற்றினூடே எளிதில் ஏறி வாராது. தலைநகரிலேயே, அரண்மனைக்குப் பின்புறமிருந்த உடவத்தைக் காடு குடிகளுக்கு விலக்கப்பட்ட காடாக இருந்தது. ஆகவே மரம் வெட்ட உத்தரவு வேண்டும் என்பது ஆங்கிலேயர் கொணர்ந்த புதுமையன்று. அவர்கள் கொணர்ந்தது வேறொன்று.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலமெல்லாம் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது. கண்டிப் பகுதிகளிற் சேனைக் காணிக்கு உரிமை கோருவோன் சன்னசு காட்டவேண்டும்; அல்லது முந்திய 20 ஆண்டுகளுக்குள் வழக்கமான வரி இறுத்தமையைக் காட்டவேண்டும். பாட்டன் வெட்டிய சேனையைப் பேரனும் வெட்டி வந்த கிராமத்தான் சன்னசுக்கு எங்கே போவான்? இதே காலத்தில், 1844 வரை, முடிக்குரிய காணி ஏக்கர் 5 சிலிங்கு விலையிற் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. 1848ஆம் ஆண்டின் சட்டமொன்று, அனுமதிச் சீட்டின்றி முடிக்குரிய காட்டில் மரம் வெட்டுவதைத் தடுத்தது. எவன் வெட்டலாம் என்பதைச் சீட்டுச் சொல்லிற்று. எவ்வளவு வெட்டினாற் காடு தாங்கும் என்பதை அது சொல்லவில்லை.

இந்த இரண்டாவது வினாவுக்கு விடை தேடியவர் பர்மாவில் இருந்தார். 1856இல் பெகுத் தேக்கங்காடுகளின் பொறுப்பை ஏற்ற பிராண்டிஸ் என்னும் செர்மானியர், யானை மீதேறிக் காட்டைக் கடந்து, கண்ணிற் பட்ட தேக்குகளைப் பருமன் வாரியாக நான்கு வகுப்பாக்கி, மூங்கிற் துண்டுகளிற் பேனாக்கத்தியால் வெட்டுக்குறி இட்டு எண்ணினார். 6 அடிச் சுற்றளவுக்கு மேற்பட்டது முதல் வகுப்பு. இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பாக வளர 24 ஆண்டு செல்லும் என மதிப்பிட்டார். ஆதலின் ஓராண்டில் வெட்டத்தக்கது முதல் வகுப்பில் இருபத்துநான்கில் ஒரு பங்கே. மர வணிகருக்கு இது இனிக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இலங்கையில் இக்கணக்கு பிந்தியே வந்தது. இந்தியக் காட்டிலாகாவைச் சேர்ந்த வின்சென்று 1882இல் இத்தீவின் காடுகளைச் சுற்றிப்பார்த்து, அவை திட்டமின்றிக் குறைந்து வருவதை அறிக்கையிட்டார். 1885ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் ஒதுக்குக் காடு, கிராமக் காடு என்று பிரித்தது. அதற்குள் கண்டிச் சரிவுகளின் காட்டிற் பெரும்பகுதி கோப்பிக்குப் பலியாகியிருந்தது. கோப்பியோ 1869இல் தோன்றிய இலைநோயால் மாண்டுகொண்டிருந்தது.

திட்டமிட்டு வெட்டுதல் பின்னரும் சோதிக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காகச் சிங்கராசக் காட்டில் இயந்திரங்கள் நுழைந்தன; எதிர்ப்பு வலுத்து, அத்தசாப்தம் முடியுமுன்னரே வேலை நின்றது. 1988இல் அக்காடு உலக மரபுரிமை ஆயிற்று. 1990இல் இயற்கைக் காடுகள் அனைத்திலும் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது.

அதன்பின் நாட்டின் வீட்டுக் கூரைக்கும் கதவுக்கும் மரம் பெரும்பாலும் கலகெதர போன்ற ஊர்களின் வீட்டுத் தோட்டங்களிலிருந்தே வருகின்றது. மிளகுக் கொடி படர்ந்த பலா, கமுகு, தென்னை, கித்துள் நெருங்கி நிற்கும் இத்தோட்டங்களைத் தொலைவிலிருந்து காண்போர் காடென்றே கருதுவர். ஆனால் இங்கும் கோடரி தன் விருப்பப்படி விழுவதில்லை. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்ட உத்தரவு வேண்டுமென்கின்றது. தன் காணியில் தானே நட்டு வளர்த்த பலாவுக்கும் கிராமத்தான் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டியவனாகின்றான்.