பெரியாற்று அணையும் குளிர்காய்ச்சலும்

பெரியகுளத்தை அடுத்துள்ள வடுகபட்டியைப் பூண்டு வணிகத்தால் அறிந்தோர் பலர். கவிஞர் வைரமுத்துவின் ஊர் என்று அறிந்தோர் அதனினும் பலர். அவர் பிறந்தது மேட்டூர் என்னும் சிற்றூரில். வைகை அணை எழும்பியபோது நீர்ப்பரப்பிற்காகக் காலி செய்யப்பட்ட ஊர்களுள் அதுவும் ஒன்று. வீடும் நிலமும் இழந்து வடுகபட்டியில் வந்து குடியேறிய குடும்பங்களுள் அவர் குடும்பமும் உண்டு. மண்ணை இழந்தோரின் அத்துயரம் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்னும் நாவலாகி, 2003ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது.

வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. அதற்கு 64 ஆண்டுகளுக்கு முன்னரே இப்பள்ளத்தாக்கின் தென்மேற்கு மூலையில், மலைமீது, மற்றோர் அணை எழுந்தது. அதற்காக மண்ணையன்று, உயிரையே இழந்தோர் நூற்றுக்கணக்கானோர். அவர்களுள் பலரைக் கொன்றது குருதிக்குள் வாழும், கண்ணுக்குப் புலனாகாத ஓர் ஒட்டுண்ணி. அது எவ்வழியாக மனிதனுள் புகுகிறது என்பதை அன்று உலகில் ஒருவரும் அறிந்திலர். அணை முடிந்து இரண்டாண்டுகள்கூட நிறைவதற்கு முன்பே அந்த உண்மை வெளிப்பட்டது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோர்க்கு வரலாற்றின் ஒரு துயரமும் ஒரு படிப்பினையும் புலனாகும்.

மலையில் எழுந்த அணை

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம், மேற்கே வீணாய்க் கடலிற் கலக்கும் பெரியாற்று நீரை மதுரைச் சீமைக்குத் திருப்பும் பழைய எண்ணத்திற்கு மீண்டும் உயிரூட்டியது. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மறு ஆண்டு பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் பணி தொடங்கிற்று. சென்னைப் பயனியர் படையின் இரு பட்டாளங்களும், கொச்சியிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியத் தச்சர்களும், சமவெளியிலிருந்து மலையேறிய கூலிமக்களும் அங்கு உழைத்தனர். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தினால், அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும் ஏறத்தாழ 1,200 அடி நீளமும் கொண்ட அணை உருவாயிற்று. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார்.

பெருவெள்ளம் கட்டியதை அடித்துச் சென்றது. காட்டு விலங்குகள் அச்சுறுத்தின. ஆயினும் ஓய்வின்றித் தொடர்ந்த பகை குளிர்காய்ச்சலே. நடுக்கத்துடன் தொடங்கி, உடலைத் தீயாய்க் கொதிக்க வைத்து, வியர்வையில் தணிந்து, ஒருநாள் விட்டு மீண்டும் வரும் அக்காய்ச்சலுக்கு மலையின் நச்சுக்காற்றே காரணம் என்று நம்பினர். 'மலேரியா' என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளும் கெட்ட காற்று என்பதே. அந்நம்பிக்கையால் காற்றுக்கு அஞ்சினரே தவிர, கொசுவுக்கு எவரும் அஞ்சவில்லை. சாராயம் காய்ச்சலுக்குக் காப்பு என்று கருதியோரும் அப்பணியிடத்தில் இருந்தனர். நீலகிரியில் 1860 முதல் சிங்கோனா மரம் பயிராக்கப்பட்டு வந்தமையால் கொயினா மருந்து அறியப்படாததன்று. மருந்து இருந்தது, நோயின் வாயில் எது என்னும் அறிவுதான் இல்லை.

இப்னு ஸீனாவிலிருந்து லாவரான் வரை

இக்காய்ச்சலின் முறைவைப்பை முன்னோர் நுட்பமாகவே கண்டிருந்தனர். நம் மருத்துவர்கள் இதனை முறைக்காய்ச்சல் என்றனர். 1037இல் மறைந்த பேரறிஞர் இப்னு ஸீனா, தம் 'அல்கானூன்' நூலின் நான்காம் பாகத்தில் காய்ச்சல்களை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஒருநாள் விட்டு வருவதை 'ஃகிப்' என்றும், இருநாள் விட்டு வருவதை 'ரிப்உ' என்றும் அரபு மருத்துவம் பிரித்துரைத்தது. நோயாளியின் அருகிருந்து நாட்களை எண்ணியவர்களின் கணக்கு பிழையற்றது. ஆனால் காரணத்தை உடலின் தாதுக்கள் கெடுவதில் தேடினர். குருதித் துளிக்குள் நோக்கும் கருவி அவர்களிடம் இல்லை.

அக்கருவி கைக்கு வந்தபின், 1880 நவம்பர் 6ஆம் நாள், அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவரான், நோயாளி ஒருவரின் குருதியில் அசையும் உயிரணுவைக் கண்டார். இத்தாலிய அறிஞர் கோல்ஜி 1886இல் முறைவைப்பின் புதிரை விடுவித்தார். ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகுகிறது. பெருகியவை ஒரே வேளையில் அணுக்களை உடைத்துக்கொண்டு வெளிவருகின்றன. அப்போதே நடுக்கமும் காய்ச்சலும் தோன்றுகின்றன. 48 மணி நேரத்திற்கொருமுறை உடைத்து வெளிவரும் இனத்தால் வருவது 'ஃகிப்'. 72 மணி நேரத்திற்கொருமுறை வெளிவரும் இனத்தால் வருவது 'ரிப்உ'.

எஞ்சிய வினா ஒன்றே: ஒருவர் குருதியிலிருந்து மற்றொருவர் குருதிக்கு அது செல்வது எங்ஙனம்? யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடலில் வளர்வதைச் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் 1877இல் கண்டவர் மான்சன். மலேரியாவிற்கும் கொசுவே வழியாகலாம் என்று 1894இல் அவர் கருத்துரைத்தார். அதைச் சோதிக்க முற்பட்டவர் ரொனால்டு ராஸ்.

ஹுஸைன் கானின் குருதி

ராஸ் 1857இல் அல்மோராவில் பிறந்தவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் தொண்டாற்றியவர். பெரியாற்று அணை நிறைவுற்ற 1895ஆம் ஆண்டிலேயே செகந்திராபாத்தில் தம் ஆய்வைத் தொடங்கினார். தவறான கொசு இனங்களை அறுத்தறுத்துப் பார்த்து ஈராண்டுகள் சலித்தார். 1897இல் உதகைக்கு விடுப்பில் வந்தபோது, சீகூர் மலைச்சரிவில் அவரையே மலேரியா பற்றியது. இறகில் புள்ளிகள் கொண்ட கொசு அவர் கவனத்திற்கு வந்ததும் அங்குதான்.

அவ்வாண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில், புழுவிலிருந்து வளர்த்தெடுத்த புள்ளியிறகுக் கொசுக்களை ஹுஸைன் கான் என்னும் மலேரியா நோயாளியின் குருதியைக் குடிக்க விட்டார். குருதி குடித்த கொசு ஒவ்வொன்றுக்கும் ஓரணா என்பது கூலி. ஆகஸ்டு 20ஆம் நாள் அக்கொசுக்களுள் ஒன்றை அறுத்து நோக்கியபோது, அதன் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கருநிறத் துகள்கள் அடங்கிய அணுக்களைக் கண்டார். உலகம் இன்று கொசு நாளாகக் குறிப்பது அந்நாளையே.

அடுத்த ஆண்டு கல்கத்தாவில், முகம்மது பக்ஷ் என்பாரை உதவியாளராகக் கொண்டு, பறவைகளின் மலேரியாவை ராஸ் ஆராய்ந்தார். ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடிக்கும்போது புதிய உடலில் புகுவதை அங்கு மெய்ப்பித்தார். மனித மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் இனத்துப் பெண் கொசுவே என்பதை அதே 1898இல் கிராசி முதலான இத்தாலிய அறிஞர்கள் உறுதிசெய்தனர். 1902இல் ராஸும் 1907இல் லாவரானும் நோபெல் பரிசு பெற்றனர். ஹுஸைன் கானோ சில அணாக்களுடன் வரலாற்றிலிருந்து மறைந்தார். அவர் குருதியைத் தரவில்லையேல் அக்கண்டுபிடிப்பு அன்று நிகழ்ந்திராது என்பதைச் சொல்வது ராஸின் புகழைக் குறைப்பதாகாது. உரியவர்க்கு உரியதைத் தருவதேயாகும்.

நீரும் நோயும்

அறிவு வந்தபின் அணைகளின் கதை மாறியதா? உடனே மாறிவிடவில்லை. 1934இல் காவிரியின் மேட்டூர் அணை திறக்கப்பட்டு, பட்டுக்கோட்டை வட்டாரத்திற்குப் புதுவாய்க்கால்களில் நீர் பாய்ந்தபோது மலேரியாவும் உடன் பாய்ந்தது. ஆயினும் இம்முறை காற்றைப் பழித்துவிட்டு எவரும் வாளாவிருக்கவில்லை. ராக்கஃபெல்லர் நிறுவனத்தைச் சார்ந்த பால் ரஸ்ஸலும், நம் நாட்டுப் பூச்சியியல் அறிஞர் டி. இராமச்சந்திர ராவும், அப்பகுதியின் வயல்களிலும் வாய்க்கால்களிலும் எந்தக் கொசு எங்கே முட்டையிடுகிறது என்று ஆராய்ந்தனர். சிற்றூர் வீடுகளில் பைரித்ரம் என்னும் பூச்சிமருந்து தெளித்து நோயைக் குறைத்துக் காட்டினர்.

1953இல் நாடு தழுவிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அப்போது ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேர் நோயுற்று, 8 இலட்சம் பேர் மாண்டனர் என்பது மதிப்பீடு. வீட்டுச் சுவர்களில் டிடிடி தெளித்ததன் பயனாக 1961இல் நோயாளிகள் ஏறத்தாழ 50 ஆயிரமாகக் குறைந்தனர். பகை ஒழிந்தது என்று கை தளர்ந்தபோது அது திரும்பியது. 1976இல் 64 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். கொசு மருந்துக்கும், ஒட்டுண்ணி மாத்திரைக்கும் பழகிக்கொண்டமையும் இதற்குக் காரணமாயிற்று. புதுச்சேரியில் 1975இலும் மதுரையில் 1985இலும் நோய் பரப்பும் பூச்சிகளுக்கான ஆய்வு மையங்கள் எழுந்தன. 2030ஆம் ஆண்டிற்குள் மலேரியாவை அகற்றுவது இந்தியாவின் இலக்கு.

நம் கடன்

திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம், 26ஆம் வசனத்தில் கொசு உவமையாக எடுத்தாளப்பட்டிருப்பதை நாம் ஓதுகிறோம். கொசுவினால் அழிந்த நம்ரூதின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். மனிதன் அற்பமென எண்ணும் படைப்பிலும் ஆய்ந்தறிய வேண்டியது உண்டு என்பதே இவற்றின் சாரம். மருந்தின்றி எந்நோயும் இறக்கப்படவில்லை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அம்மருந்தைத் தேடும் பொறுப்பு மனிதனுடையது.

தண்ணீர் வழங்குவதை நிலையான தருமமாக, ஸதகத்துல் ஜாரியாவாக, மதிப்பது நம் மரபு. பென்னிகுயிக்கைக் கம்பம் பள்ளத்தாக்கு மறக்கவில்லை. லோயர் கேம்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது. அதே நீருக்காகக் குளிர்காய்ச்சலில் மடிந்த கூலிமக்களின் பெயர்களோ நம் நாவில் இல்லை. கம்பம், உத்தமபாளையம், பெரியகுளம் பகுதிகளில் வாழும் நம் இராவுத்தர் குடும்பங்கள் உட்பட, அந்நீரால் விளைந்ததை உண்டோர் அனைவரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்களே.

அக்கடனைத் தீர்க்கும் வழி எளிது. கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளரும் அனாபிலிஸ் இனமும் உண்டு. ஆகவே அவற்றை மூடி வைத்தலும், தேங்கும் நீரை வடித்தலும், காய்ச்சல் கண்டவுடன் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டு, தந்த மாத்திரையை இடையில் நிறுத்தாது உண்டு முடித்தலும் ஒவ்வொரு இல்லத்தின் கடமை. பெரியாற்று மலையில் மாண்டோர்க்குக் கிடைக்காத அறிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதனைப் பயன்படுத்தாமல் விடுவது, அவர்களின் இறப்பையும் ஹுஸைன் கானின் குருதியையும் வீணாக்குவதாகும்.